பத்துக்கு எட்டு வாங்கிய பேத்தி



போன வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் போன் செய்தாள். "டீச்சர், என் பையன் ஒண்ணாவது படிக்கிறான். ஸ்கூல்ல குடுக்கற ஸ்பெல்லிங் எல்லாத்தையும் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறான். அப்புறம் சும்மா இருக்க மாட்டாம தங்கச்சிகிட்ட வம்பு பண்றான். பேசாம மூணாவது புக்கை வாங்கிக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். "அவசரப்படாதேம்மா, யோசிச்சு எழுதறேன்" என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம் என்பதால் எல்லோருக்குமாகவே போடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என் பேத்தி இரண்டாம் வகுப்பு. பள்ளி வேன் அவளை களமருதூரில் எங்கள் வீட்டு வாசலில்தான் இறக்கிவிடும். அவள் அம்மா வேலை முடிந்து வரும்வரை என்னிடம் இருப்பாள். வாரம் முழுவதும் பத்து ஆங்கிலச் சொல், பத்து தமிழ்ச் சொல். ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை சொல்வதை எழுதுதல். இவளுக்கு அந்தச் சொற்கள் திங்கட்கிழமையே தெரிந்துவிடும். மீதி நாட்கள் கை மட்டும் எழுதும், கண் ஜன்னலில் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை நோட்டை எடுத்துப் பார்த்தேன். தமிழில் பத்துக்கு எட்டு. 'பள்ளி' என்பதை 'பல்லி' என்று எழுதியிருந்தாள். 'மரம்' என்பதை 'மறம்' என்று எழுதியிருந்தாள். எனக்கு ஆச்சரியம். முதல் நாள்தான் இரண்டையும் சரியாக எழுதிக் காட்டினாள். திட்டவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"தெரிஞ்சுதான் எழுதினேன் ஆயா."

"ஏண்டி?"

"பத்துக்குப் பத்து வாங்கினா மத்தவங்க நோட்டைத் திருத்தச் சொல்றாங்க. நான் தப்பு போட்டா என் ஃப்ரண்டு என்கூட பேச மாட்டேங்கறா."

ஏழு வயதுக் குழந்தை, தோழியை இழக்காமல் இருக்க இரண்டு மதிப்பெண்ணைக் கொடுத்திருக்கிறது. அதிலும் 'பல்லி' எழுதியதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பள்ளி எது, பல்லி எது என்று நன்றாகத் தெரிந்தவளுக்குத்தான் அப்படித் தப்பாக எழுத முடியும்.

அந்த வகுப்பு ஆசிரியையை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதே காரியத்தை நானும் செய்தவள்.

1991-ல் கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப்பள்ளியில் இருந்தேன். அப்போது நமக்குத் தென்னாற்காடு மாவட்டம். கச்சிராயபாளையம் வந்து, மலைக்குப் போகும் பேருந்தைப் பிடித்து, இறங்கி நடக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளி. இன்னொருவருக்கு அலுவலக வேலை வந்துவிட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில்தான். ஒரே அறையில் ஒரு பக்கம் ஒன்றாம் வகுப்பு 'அ' எழுதும், இன்னொரு பக்கம் ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு போடும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். ஒருமுறை பலகையில் எழுதினால் போதும், அந்தச் சொல் அவனுக்குள் போய் உட்கார்ந்துவிடும். ல, ள, ழ மூன்றில் ஒருநாளும் தடுமாறியதில்லை. நான் என்ன செய்தேன்? ஒரு குச்சியைக் கையில் கொடுத்து, ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க வைத்தேன். எல்லோரும் அவனைக் 'குட்டி வாத்தியார்' என்றார்கள். அவன் அப்பாவுக்குப் பெருமை. சாமை அறுவடைக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் காட்டுக்குப் போனாலும் இவன் மட்டும் பள்ளிக்கு வந்துவிடுவான். எனக்கும் பெரிய உதவி. மூன்று வருடம் அப்படியே ஓடியது.

2019-ல் நான் ஓய்வு பெற்ற அன்று மலையிலிருந்து வந்திருந்தான். இப்போது பிக்கப் வண்டி ஓட்டுகிறான். பிழைப்புக்குக் குறைவில்லை, நன்றாகத்தான் இருக்கிறான். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டான் என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஏன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

"உங்ககிட்ட படிச்சப்போ எனக்கு எல்லாமே தெரியும் டீச்சர். கீழ ஹாஸ்டல்ல சேர்ந்து ஆறாவது போனேன். அங்க முதல் தடவையா ஒண்ணு புரியலை. புரியலைன்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலை. மத்த பசங்களுக்கு அது பழக்கம். எனக்குப் பழக்கமில்லை. வெட்கமாப் போச்சு."

குறையாகச் சொல்லவில்லை. மாலை போட்டுவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்து மூன்று வருட வேலையில் எத்தனையோ மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்காக மாலையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேகமாகக் கற்கும் பிள்ளைக்கு நான் கொடுத்தது ஒரு குச்சி மட்டும்தான்.

எங்கள் ஆசிரியர் பயிற்சியில் 'மீத்திறன் மிக்க குழந்தைகள்' என்று ஒரு பாடம் உண்டு. தேர்வுக்குப் படித்தோம், எழுதினோம், மறந்தோம். வகுப்பறைக்கு வந்த பிறகு மீத்திறன் பிள்ளை என்றால் கவலை இல்லாத பிள்ளை என்றே நினைத்துவிட்டோம்.

செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. அட்டைகள், கற்றல் ஏணி, தரையில் வட்டமாக உட்காருதல். பிள்ளை ஒரு அட்டையை முடித்தால் யாருக்கும் காத்திருக்காமல் அடுத்ததுக்குப் போகலாம். அட்டை தொலைந்தது, பதிவேடு அதிகம் என்று நாங்கள் புலம்பாத நாள் இல்லை. ஆனாலும் வேகமான பிள்ளைக்கு அது ஒரு விடுதலை. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. அரும்பை மொட்டாக்கவும் மொட்டை மலராக்கவும் இன்றைய ஆசிரியர்கள் படும் பாட்டை நான் அறிவேன். ஆனால் மலர்ந்ததோடு செடியின் வேலை முடியவில்லையே. அதற்கப்புறம் காய் இருக்கிறது, கனி இருக்கிறது.

சரி, பேத்திக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் நானும் தப்புதான் செய்தேன். நாலாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து இருபத்தைந்து சொல் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் முடித்துவிட்டு, "சீக்கிரம் முடிச்சா இன்னும் குடுப்பியா ஆயா?" என்று கேட்டாள். பயந்துபோய்க் கேட்டாள். அப்போதுதான் புரிந்தது. சுலபமான வேலையை அதிகமாகக் கொடுத்தால் அது கடினமான வேலை ஆகிவிடாது, தண்டனைதான் ஆகும். மூணாவது புத்தகம் வாங்கலாமா என்று கேட்ட பெண்ணே, உனக்கு என் பதில் இதுதான். வாங்கினால் இந்த வருடம் ஓடிவிடும். அடுத்த வருடம் அவனுக்கு அலுப்பு இரட்டிப்பாகும்.

பிறகு பள்ளிக்குப் போய் அந்த ஆசிரியையைப் பார்த்தேன். சின்ன வயது, வகுப்பு நிறையப் பிள்ளைகள். என் பேத்தி கெட்டிக்காரி என்று ஆரம்பிக்கவில்லை. நான் மலையில் செய்த தப்பைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. இரண்டு விஷயம் கேட்டேன். ஒவ்வொரு சொல்லையும் ஐந்து முறைக்குப் பதில் ஒரு முறை எழுதி, அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதட்டும். நோட்டை அவரவரே பலகையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும். இரண்டுக்கும் சரி என்றார். அடுத்த வாரமே தோழிகள் சேர்ந்துவிட்டார்கள்.

வீட்டில் புதுச் சொல் எதுவும் கொடுக்கவில்லை. அதே பத்துச் சொல்தான். ஆனால் 'எப்படி எழுதுவது' என்று கேட்காமல் 'ஏன் அப்படி எழுதுகிறோம்' என்று கேட்டேன்.

அந்த வாரப் பட்டியலில் வண்டி, பந்து, கன்று மூன்றும் இருந்தன. "மூணுலயும் மூக்கால சொல்ற எழுத்து வருது. ஒண்ணுல ண், ஒண்ணுல ந், ஒண்ணுல ன். யார் முடிவு பண்றது?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்த நாள்காட்டி, அரிசிப் பை, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் எடுத்துவைத்துத் தேடினாள். நண்டு, கண்டு, பாண்டி. சந்தை, பந்தல், ஐந்து. தென்றல், குன்று, மூன்று. மறுநாள் மாலை ஓடிவந்து, "ஆயா, பக்கத்துல நிக்கிற எழுத்துதான் முடிவு பண்ணுது! ட வந்தா ண், த வந்தா ந், ற வந்தா ன்!" என்றாள்.

அதனால்தான் ண-வுக்கு டண்ணகரம், ந-வுக்குத் தந்நகரம், ன-வுக்கு றன்னகரம் என்று பெயர். ஒவ்வொன்றும் தன் கூட்டாளியின் பெயரைச் சேர்த்தே சுமக்கிறது. நான் இதை 'மூணு சுழி, ரெண்டு சுழி' என்று சொல்லிக்கொடுத்தே வருடங்களைக் கழித்தேன். எழுத்துப் பிழை வரும் இடத்தில் இந்த ஒரு விதி எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும்!

இன்னொரு வாரம் 'காற்று'. "நாம காத்துன்னுதானே சொல்றோம், எதுக்கு ற்று?" என்று அவளே கேட்டாள். வாயில் 'த்த' வந்து எழுத்தில் 'ற்ற' வரும் சொற்களைப் பொறுக்கச் சொன்னேன். நேத்து, வெத்தலை, கீத்து, ஊத்து. ஆனால் பத்து பத்துதான், முத்து முத்துதான். 'கத்து' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டாள். "கத்தாதே" என்றால் கத்து. "கத்துக்கோ" என்றால் கற்று. காதுக்கு ஒன்று, எழுத்தில் இரண்டு. அரை மணி நேரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆங்கிலப் பட்டியலிலும் இதே கதைதான். கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல்லுக்கு முன்னால் சத்தமில்லாத ஒரு 'கே' நிற்கிறது. மனப்பாடம் செய் என்று சொல்லிவிடலாம். ஆனால் முன்னொரு காலத்தில் அவர்கள் அந்தக் 'கே'யையும் சேர்த்தே உச்சரித்தார்கள். வாய் மாறிவிட்டது, எழுத்து மாறவில்லை. இதைச் சொன்னதும், "நம்ம வீட்டுக் குதிர் மாதிரியா? நெல்லு கொட்டறதில்லை, ஆனா இடத்தை அடைச்சிட்டு நிக்குதே" என்றாள். அதைவிட நன்றாக நான் விளக்க முடியாது. நம் கட்டுமரம் கடல் தாண்டி ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனதையும், சுருட்டு 'செரூட்' ஆனதையும் சொன்னேன். ஆங்கிலம் வேற்றாள் என்ற பயம் கொஞ்சம் போனது.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அங்கே 1925-லிருந்து நடக்கும் தேசிய ஸ்பெல்லிங் போட்டி தெரிந்திருக்கும். 1985-ல் பாலு நடராஜன் என்ற சிறுவன் அதில் வென்றான். அதற்குப் பிறகு நம் நாட்டு வம்சாவளிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வென்றுவிட்டார்கள். அந்தப் போட்டியைப் பார்த்தால் தெரியும். சொல்லைக் கேட்டதும் பிள்ளை எழுத்தைச் சொல்ல ஆரம்பிக்காது. இதன் பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்கும். மனப்பாடம் முடிகிற இடத்தில் அவர்கள் அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஊர்ப் பெயரும் எங்களுக்குப் பாடமானது. களமருதூரைக் களம், மருது, ஊர் என்று பிரித்தாள். நெல்லடிக்கும் களத்துக்கு ள, பாத்திரம் என்று பொருள்படும் கலத்துக்கு ல. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. ஒரு பலகையில் 'து'வுக்கு இரண்டு எழுத்து, இன்னொன்றில் ஒரே எழுத்து. எது சரி என்று கேட்டாள். 2020-ல் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசே ஆணை போட்டதையும், பலரும் குறை சொன்னதால் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றதையும் சொன்னேன். "பெரியவங்களுக்கும் ஸ்பெல்லிங் கஷ்டமா ஆயா?" என்றாள். அதைக் கேட்டதில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி!

என் அப்பாவின் பழைய கணக்கு நோட்டையும் எடுத்துக் கொடுத்தேன். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய எழுத்து. லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். ணா, றா, னா மூன்றும் சுழித்துக்கொண்டு வேறு மாதிரி இருக்கும். இப்படிப் பதின்மூன்று எழுத்துகள் மாறின. நானும் பள்ளியில் அப்படித்தான் எழுதிப் பழகினேன். கொள்ளுத் தாத்தா யாருக்கு எத்தனை கலம் நெல் கொடுத்தார் என்று ரகசிய எழுத்தை உடைப்பதுபோல் உட்கார்ந்து படித்தாள்.

இனிதான் முக்கியமான விஷயம். ஒருநாள், தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள் எவை என்று கேட்டேன். மூன்று நாள் தேடினாள். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்று எட்டு எழுத்தைச் சரியாகவே கொண்டுவந்தாள். "அப்போ ராஜா? லட்டு?" என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. நோட்டைத் தள்ளிவிட்டாள். "எனக்குத் தெரியலை, நான் மக்கு" என்று அழுதாள்.

அந்த நேரம் எனக்கு மலைப் பையன் முகம்தான் தெரிந்தது. அவன் ஆறாம் வகுப்பில் தனியாக உட்கார்ந்து அனுபவித்ததை, இவள் ஏழு வயதில் என் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அனுபவிக்கிறாள். பதிலைச் சொல்லவில்லை. "தெரியலைன்னா மக்கு இல்லடி. இப்பதான் படிப்பு ஆரம்பிக்குது. அந்தச் சொல்லெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு யோசி" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவள் கண்ணில் பட்டது தாத்தாவின் ராமாயணப் புத்தகம். அட்டையில் 'இராமாயணம்'. "முன்னாடி ஒரு இ போட்டிருக்காங்க!" பிறமொழியிலிருந்து வந்த சொல்லுக்கு முன்னால் ஒரு உயிரெழுத்தைத் துணைக்கு அனுப்பி உள்ளே அழைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். இராமன், இலட்சம், உரோமம். அவள் பட்டியல் தப்பில்லை. ராஜாவும் லட்டும் விருந்தாளிகள். இதை அவள் கண்டுபிடித்த விதத்தைப் பார்த்து எனக்குத்தான் கண் கலங்கியது.

கேரல் டுவெக் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 'நீ புத்திசாலி' என்று பாராட்டினார்கள், சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்று பாராட்டினார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் அடுத்து சுலபமான வேலையையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஒருமுறை தோற்ற பிறகு சீக்கிரம் சோர்ந்தும் போனார்கள். 'குட்டி வாத்தியார்' என்று நாங்கள் வைத்த பெயரை நினைத்துக்கொள்கிறேன். இப்போது வீட்டில் 'கெட்டிக்காரி' என்ற சொல்லைக் குறைத்துவிட்டோம். 'எப்படிக் கண்டுபிடிச்சே?' என்றுதான் கேட்கிறோம்.

இதற்குப் பணம் வேண்டாம், டியூஷன் வேண்டாம். பள்ளி வீட்டுப்பாடத்தை விட்டுவிடவும் வேண்டாம். அது அவள் செய்து முடிக்க வேண்டிய கடமை. அதோடு வாரம் ஒரு கேள்வி போதும். குழந்தைக்கு உடனே விடை தெரியாத கேள்வியாக இருக்கட்டும். உங்களுக்கே தெரியாவிட்டால் இன்னும் நல்லது, சேர்ந்து தேடலாம். அது திணறும்போது பக்கத்தில் இருங்கள், விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். உற்சாகம் இல்லாத வாரம் விட்டுவிடுங்கள். விளையாடட்டும்.

மலைப் பையனுக்குப் போன மாதம் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். அவன் மகள் மூன்றாம் வகுப்பு. அவளும் அப்பா மாதிரியே சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாளாம். ண, ந, ன கேள்வியை அவளுக்குக் கொடுக்கச் சொன்னேன். மூன்றாவது நாள் அவனே கூப்பிட்டான். "டீச்சர், அவ கண்டுபிடிச்சிட்டா. ஆனா அவளுக்கு முன்னாடி நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்றான்.

அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுதும் தைரியம் எனக்கு வந்தது.

உங்கள் வீட்டுக் குழந்தை என்ன கேள்வி கேட்டது, எதில் மாட்டிக்கொண்டது என்று எழுதுங்கள். பேத்திக்குப் படித்துக் காட்டுகிறேன். இதில் எழுத்துப் பிழை இருந்தாலும் சொல்லுங்கள். அவள் ஏற்கெனவே ஒன்று கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
களமருதூர்.